அவளோடு உங்களைத் தனியே விடமாட்டேன்

என்னைத் தவிக்கவிட்டுப் போனாலும் என்னுடையவராகவே இருக்கிற என் மனிசனுக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. அவளுக்கு முழங்கால் வலியாம். போன கிழமை டீவியில் பேட்டி காட்டினார்கள். கதிரையை விட்டு எழும்ப இரண்டு பேர் பிடிக்கவேண்டிக் கிடக்கு. எனக்கும் முழங்கால் வலிதான், ஆனால் நான் தனியாக எழும்புவேன்.

யாரைச் சொல்கிறேன் என்று தெரியாத மாதிரிச் சிரிக்காதீர்கள். உங்கள் பாட்டுக்காரியைத்தான். ஊரெல்லாம் அவள் பாட்டைக் கேட்டது, அது பரவாயில்லை. பாடிக்கொண்டிருந்தவள் ஒரேயொரு பகிடிப் படத்தில் சிரிப்புக் காட்டி நடிக்கவும் வந்தாளே, அங்கேதான் என் வயிறு எரியத் தொடங்கியது. கசற்றில் பார்த்தீர்கள், மறுகா சீடியில் பார்த்தீர்கள். வயல் வட்டையில் நெல்லு வெட்டு முடிந்து வந்து உடம்பு நோகுது என்று படுக்கிற ஆள், அந்தப் படம் என்றால் எழும்பிக் குந்திவிடுவீர்கள். "இஞ்ச வாகா, இந்த இடத்த மட்டும் பாரு" என்று கூப்பிடுவீர்கள். போவேனா? குசினியில் நின்று சட்டி பானையைப் போட்டு உடைக்கிற மாதிரிக் கழுவுவேன்.

நேற்று உங்கள் ஆண்டுத் திவசம். காலையில் ஐயர் வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். பின்னேரம் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்தேன். வாவி இறால் பொரியல், நண்டுக் கறி, எருமைத் தயிர், பக்கத்தில் சுருட்டு. அந்த நேரம் பார்த்துக் கிரானிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கச்சி வாயைத் திறந்தா.

"மச்சாள், அண்ணனுக்கு அந்தப் படமெண்டா உசிர். அதையும் போட்டு விடுங்களன்."

மாட்டேன் என்றால், செத்த மனிசனின் ஆசைக்கும் குறுக்கே நிற்கிறாள் என்று வவுணதீவு முழுக்கக் கதைக்கும். இலையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நம்முடைய மருமகனுக்கு அது போதும். "மாமி, யூடியூப்பில முழுப்படமும் கிடக்கு" என்று சொல்லி, டீவியை இலைக்கு நேரே திருப்பிப் போட்டுவிட்டார். பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்கிறவரல்லவா, வந்தவர்களைக் கவனிக்கிற பழக்கம் செத்தவர் வரைக்கும் போகிறது.

வழக்கப்படி, நீங்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். உள்ளே படம் ஓடுகிறது. வெளியே சண்டை தொடங்கியது.

"இப்பிடி ஒரு படம் இப்ப ஆரு எடுக்காங்க? வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சம்" என்றா உங்கள் தங்கச்சி.

நம்முடைய மகள் விடவில்லை. "என்னத்தச் சிரிக்கிற மாமி? கறுத்த பிள்ளையப் பாத்துக் கரிச்சட்டி எண்டுறாங்க. மனிசிக்கு அடிக்கிறதையும் பகிடியாக் காட்டுறாங்க. அப்பா எப்பிடித்தான் பார்த்தாரோ!"

"படம் மொக்கைதான்" என்றார் மருமகன். "யூடியூப்பில படத்துக்குக் கீழ கருத்து எழுதிறாக்களும் அடிபடுறாங்க. ஒராள் தங்கமான படமெண்டுறார். மற்றாள், பாட்டக் கேட்டுப்போட்டு நிப்பாட்டுங்க எண்டுறார். நீங்க என்ன சொல்றீங்க மாமி?"

படத்தை நான் பார்த்தால்தானே சொல்ல! அந்த நேரம் பார்த்து உள்ளே அவள் பாடத் தொடங்கினாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள், உங்களுக்கு முன்னால் அவள், நடுவில் நான் பொரித்த இறால். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஐயோ மச்சாள், திறக்காதீங்க! அண்ணன் சாப்பிடாமப் போயிருவார்!"

"நான் பக்கத்தில நிண்டு போடாம அந்த மனிசன் எப்ப சாப்பிட்டவர்?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இலைக்குப் பக்கத்தில் குந்தினேன். அவள் இரட்டைப் பின்னலோடு நிற்கிறாள். எனக்குத் தலை பஞ்சாகிவிட்டது, அவள் மட்டும் அந்தப் படத்துக்குள் அப்படியே இருக்கிறாள். அநியாயமில்லையா இது?

பெண் பார்க்க வருகிற அந்த இடம் வந்தது. ஊருக்கே பாடுகிறவள், அந்த இடத்தில் மட்டும் பாடவே தெரியாதவள் மாதிரி நடிக்கிறாள். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு பாட்டுப் பாடு பிள்ளை என்கிறார். அவள் வாயைத் திறக்க முந்தியே நீங்கள் சிரிக்கத் தொடங்குவீர்கள். பிறகு தொடையில் அடிப்பீர்கள். கடைசியில் இருமல் வரும். குசினியிலிருந்தே எனக்கு அதெல்லாம் பாடம்.

அவள் கழுதை மாதிரிக் கத்தினாள். தகப்பன் கதிரையோடு விழுந்தார். இலைப் பக்கம் உங்கள் சத்தமில்லை. தொடையில் அடி இல்லை. இருமல் இல்லை. அவள் தன்பாட்டில் அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு போகிறாள். நீங்கள் இல்லாதது அவளுக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருசம் இவளுக்காகச் சிரித்தீர்களே!

நான் அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன் என்று உங்கள் தங்கச்சிக்குச் சொன்னேன். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன், உங்கள் சிரிப்பைக் கேட்கவேணும் போல இருந்தது. இந்த இடத்தை மட்டும் பார் என்று ஒவ்வொரு தரமும் கூப்பிட்டீர்களே, அது அவளைக் காட்டவா, என்னைச் சிரிக்க வைக்கவா?

படம் சரியில்லை. மகள் சொன்னது முழுக்கச் சரி. அவளுக்கு நடிக்கவும் வராது. குரல் நல்லது. அதை வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்த வருசமும் இறால் பொரிப்பேன். படத்தையும் போடச் சொல்வேன், உங்களுக்குப் பிடித்ததை மறுக்க நான் யார்? ஆனால் கதவு சாத்தும்போது நான் உள்ளே உங்கள் பக்கத்தில் இருப்பேன். ஊர் என்னத்தையும் சொல்லட்டும். அந்த இடம் வந்ததும் உங்களுக்குப் பதிலாக நானே சிரிப்பேன். சிரிப்பு வராவிட்டாலும் சிரிப்பேன். நீங்கள் அவளைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஒரே பெண்சாதி,
பூரணம்