மெர்சி சொன்ன பின்பாதி

மெர்சியின் அம்மா,

இன்று காலை பேச்சுப் பயிற்சி கிளினிக்கின் கதவைத் திறந்ததும் பொரித்த இறால் வாசம், நீங்கள் மெர்சிக்குக் கட்டிக்கொண்டு வரும் அதே வாசம். யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருந்தார். என் கண் உங்களைத்தான் தேடியது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடலோரப் பள்ளிமுனையிலிருந்து ஆறு வயது மெர்சியை நீங்கள் கூட்டி வந்தபோது அவள் யாரோடும் கதைப்பதில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வாள். இல்லாவிட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ர பிள்ளை ஒருநாளாவது தானா என்னோட கதைப்பாளா மிஸ்?" என்று கேட்டீர்கள். நான் படம் போட்ட அட்டைகளைத் தந்து, மாறி மாறிப் பேசப் பழக்குங்கள், அவளுடைய முறை வந்ததும் பொறுத்திருங்கள் என்றேன். அடுத்த கிழமை அட்டைகளை அப்படியே மேசையில் வைத்தீர்கள்.

"இது சரிவராது மிஸ். நாங்கள் செபமாலையில பழக்கிறம்."

எனக்கு விளங்கவில்லை. முருங்கனில் வயல் செய்யும் சைவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். நான் அட்டையில் தேடியது உங்கள் வீட்டில் தினமும் பொழுதுபட நடந்துகொண்டிருந்தது.

வீட்டாரை அடக்குவதுதான் பெரும்பாடு. மெர்சிக்காக நீங்கள் பொறுத்திருந்தால், அந்த அமைதி தாங்காமல் மாமியார் முதல் பக்கத்து வீட்டார் வரை ஒரே குரலில் பின்பாதியைச் சொல்லி முடித்துவிடுவார்களாம். "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது! மாதா பொறுப்பா, நீங்கள் பொறுக்கமாட்டியளோ?" என்று ஏசியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

சில மாதங்களில் மெர்சி பின்பாதியைச் சொல்லத் தொடங்கினாள். நானோ, "பாடமாக்கினதைச் சொல்லுறது கதைக்கிறது ஆகாது" என்று படித்த திமிரில் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "ஒருநாள் வந்து பாருங்கோ" என்றீர்கள்.

வந்தேன். முன்பாதியின் நடுவில் உங்களுக்கு இருமல் வந்து செபம் நின்றுபோனது. யாரும் வாய் திறக்கவில்லை. மெர்சி திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாள். எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"குடியுங்கோ அம்மா. பிறகு சொல்லுங்கோ."

யாரும் சொல்லிக்கொடுக்காத சொற்கள். "இதையும் உங்கட பைலில எழுதுங்கோ மிஸ்" என்றீர்கள். அப்படி நிமிர்ந்து இருந்த ஒரு தாயை நான் பிறகு கண்டதில்லை.

எழுதினேன். அன்றிலிருந்து புதிதாக வரும் பெற்றோரிடம் நான் எடுத்த எடுப்பில் அட்டையை நீட்டுவதில்லை. "வீட்டில எல்லாரும் சேர்ந்து என்ன செய்வியள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அது உங்களிடம் படித்த பாடம் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை.

உங்களை அடக்கம் செய்த அன்று மெர்சி என்னிடம் வந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண் இப்போது. "மிஸ், அம்மா இல்லாதது உங்களுக்கும் கவலையோ?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி பொறுத்திருந்தாள்.