உன் உளியை ஜிக்கில் பூட்டிவிட்டோம், மாப்ளே

அன்பு மாப்ளே கோவிந்தா,

எங்கே இருக்கிறாயோ, கொஞ்சம் காது கொடு. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்துவிட்டோம். மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் கடைசல் பட்டறை மூடவில்லை. மூலக்கொத்தளத்தில் உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, தண்டையார்பேட்டையில் எல்லோரும் அதை விற்றுவிடச் சொன்னார்கள். உன் பெண்சாதி, என் தங்கச்சி கன்னியம்மா கேட்கவில்லை. உன்னோடு நின்று இத்தனை வருஷம் கட்டை கடைந்தவள் அவள்தானே. கடைசல் எந்திரத்தின் மிதிகட்டையில் கால் வைத்தாள். நான் ஒர்க்‌ஷாப் வேலை முடிந்ததும் தினமும் நேராக அங்கே போய்விடுகிறேன்.

அவளுக்குக் கடையத் தெரியும். சாணை பிடிக்கத்தான் தெரியாது. உளிகளை நீ யாரிடமும் கொடுத்ததில்லையே.

நாம் எவ்வளவு சண்டை போட்டிருப்போம் இதற்காக! நான் இரும்புப் பட்டையை வளைத்து, திருகாணி வைத்து, ஒரு ஜிக் செய்து கொண்டுவந்தேன். உளியை அதில் பூட்டிச் சாணைக்கல்லில் வைத்தால் யார் பிடித்தாலும் கூர் ஒரே சரிவில் வரும். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "இன்னா மச்சான், உளிக்குக் கடிவாளமா? கல்லு மேல வெச்சா கைக்கே தெரியும், எங்க நிறுத்தணும்னு." நான் விடவில்லை. "காய்ச்சல் வந்தா உன் கைக்கு இன்னாடா தெரியும்?" என்றேன். டீ ஆறிப்போகும், நம் பேச்சு ஆறாது.

காய்ச்சல் வந்தது. அந்தச் சண்டை பாதியிலேயே நின்றுவிட்டது.

நீ கடைசியாகத் தீட்டி வைத்த கூரிலேயே அவள் கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு வளைவு உளி மழுங்கியது. துறைமுகச் சரக்குப் படகுகளுக்கான மரக் கப்பிகள்தான் கையில் இருந்த வேலை. கயிறு ஓடும் பள்ளம் வழவழப்பாக வராமல் நார் நாராகப் பிய்ந்தது. துறைமுக மேஸ்திரி விரலை விட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது? கயித்தத் தின்னுடும். மூட்ட ஆளு மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது? அடுத்த தபா சரியா கீதா பாப்பேன். இல்லன்னா வேற பட்டறதான்."

உளியை ஜிக்கில் பூட்டு என்று நான்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? சொல்ல வாய் வரவில்லை, மாப்ளே. அந்த உளியின் முனை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், உனக்கே தெரியும். உன் மணிக்கட்டு உருளும் விதம் அது. ஜிக்கில் வைத்தால் அது போய்விடும். நான் உளியைத் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

கன்னியம்மா பொறுக்காமல் வாங்கி, உன்னைப் போலவே வெறுங்கையில் தீட்டினாள். சாணைக்கல் சக்கரத்தை நான் சுற்றினேன். பார்வைக்குக் கூர் நன்றாகத்தான் இருந்தது. கட்டையில் வைத்ததும் உளி கடித்துக்கொண்டது. கப்பி பிடுங்கிக்கொண்டு பறந்து அவள் கன்னத்தில் அடித்தது. ரத்தம் வந்தது. அவள் முந்தானையால் அழுத்திக்கொண்டு, நேராகப் போய் ஆணியில் தொங்கிய ஜிக்கை எடுத்துவந்தாள்.

"வேணாம்மே," என்றேன்.

"இத்த வெச்சிகினு அவரான்ட மல்லுக்கு நின்னது நீதானே? இப்ப இன்னா வந்துச்சி?"

"அவன் கை அதுல கீதும்மா."

அவள் உளியை ஜிக்கில் வைத்துத் திருகாணியை முடுக்கினாள். பிறகு சொன்னாள்: "கீது. எனுக்குத் தெரியாதா? அத்த பாத்துகினே குந்திகினு இருந்தா வூட்ல அடுப்பு எரியுமாண்ணே? சுத்து."

சுற்றினேன். பொறி பறந்தது. நீ விட்டுப்போன சரிவு அழிந்து, புதுச் சரிவு பளபளவென்று வந்தது. நான் சொன்னதுதான் நடந்தது. ஜெயித்த மாதிரி இல்லை. நீ எதிரில் நின்று திட்டினால் தேவலை என்றிருந்தது.

அந்தக் கூரில் எல்லாக் கப்பிகளும் ஒன்று போல வந்தன. இன்று காலை மேஸ்திரி வந்து விரலை விட்டுப் பார்த்தார், மூட்டையில் கட்டச் சொன்னார். இன்னும் வேலை தருவாராம். இன்னொன்றும் கேள். ஜிக்கிலிருந்து கழற்றிய பிறகு, உளியின் ஓரத்தை மட்டும் கல்லில் வெறுங்கையால் லேசாக இழுத்துவிடுகிறாள். "அவன மாதிரியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே. எனுக்கு எப்டி வருதோ அப்டி" என்றாள். உனக்குக் கோபமா, மாப்ளே? சிரிக்கிறாயா? நீ இருந்திருந்தால் அவள் கையை ஒத்துக்கொண்டிருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

மேஸ்திரி போன பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ பின்னாடி நின்னுகினே இருந்தா எனுக்கு வேல ஓடாது. போயி கடக்கரையான்ட காத்து வாங்கினு வா." போனேன். அலையைப் பார்த்தும் மனம் அடங்கவில்லை. திரும்பி வந்ததும் உன் மரப்பெட்டியைத் திறந்தேன்.

அதில் உன் சின்ன உளி இருக்கிறது. நீ தீட்டியபடியே, யார் கையும் படாமல். அவள் அதை இன்னும் கேட்கவில்லை. நுணுக்க வேலை வந்தால் கேட்பாள். இப்போதைக்கு மூடி வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், மாப்ளே. அவள் கேட்கிற அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுப்பேன். கல் சக்கரத்தை நானே சுற்றுவேன்.

சண்டையை முடிக்காமல் நீ விட்டுப்போன
உன் மச்சான்,
முனுசாமி