படுக்கை பதினான்கில் நான் சொல்லாதது

ஐப்பசி 12, புதன்

கிள்ளானில் காலையிலிருந்து மழை. சஷ்டி விரதம், இரண்டாம் நாள்.

வார்டில் இருந்தவர்கள்: இவர் (படுக்கை 14), நான், இவருடைய அண்ணன், அண்ணி, நர்ஸ் வேலை பழகும் மிஸ்ஸி தர்ஷினி, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மேடம். ஆறு பேர்.

தர்ஷினி பூச்சோங் பிள்ளை. கையில் நான்கு பக்கக் கேள்விப் படிவம். கண் எப்போது மஞ்சளானது, சிறுநீர் என்ன நிறம், பசி உண்டா, ஒவ்வொன்றாக. குடி? ஒரு மாதமாகத் தொடவில்லை என்றார் இவர்.

"இவன் நிறுத்திட்டானா? அப்ப நான் மொட்ட போட்டுக்கிறேன் லா," என்றார் அண்ணன். அண்ணி சிரித்தாள்.

டாக்டர் கொடுத்தது தவிர வேறு மருந்து, ஜாமு கஷாயம், பொடி? இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. தர்ஷினி என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்டி, நீங்க ஏதும் குடுத்தீங்களா?"

போர்வையைச் சரிசெய்தேன். இல்லை என்றேன். விரத வாயால்.

ஐப்பசி 13, வியாழன்

புழுக்கம். கொண்டுபோக: துண்டு, ஃபிளாஸ்க், சின்னத் தலையணை.

தர்ஷினி வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னாள். கல்லீரல் வீக்கம் நேற்று இரண்டு விரல், இன்று மூன்று என்று மேடத்திடம் இங்கிலீஷில். மகளின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து நானாகப் படித்த இங்கிலீஷ். புரியாமலே இருந்திருக்கலாம்.

டாக்டர் மறுபடி குடியைப் பற்றியே கேட்டார். இவர் இல்லை என்றார். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார். நம்பவில்லை.

"சரசு, நீயாச்சும் நம்புறியா?"

நம்புகிறேன் என்றேன். எனக்குத் தெரியாதா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அக்காவிடம் வாங்கிய பொடி, குடியை மறக்கவைக்க. இவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுத்தேன்; மூன்றாம் வாரம் பாட்டிலைக் கண்டாலே முகம் சுளித்தார். வேண்டுதல் பலித்தது என்று முருகனுக்கு அர்ச்சனைகூட வைத்தேன்.

ஐப்பசி 14, வெள்ளி

தூறல். தர்ஷினி என்னைத் தனியாகத் தண்ணீர் மிஷின் பக்கம் கூப்பிட்டாள். வீட்டார் முன்னால் கேட்டது தப்பு, தனியாகக் கேள் என்று மேடம் சொன்னாராம்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல ஆன்டி. தெரிஞ்சாதான் டாக்டர் வைத்தியத்த மாத்த முடியும்."

ஃபிளாஸ்க்கை நிரப்பினேன். அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். இவருக்குத் தெரிந்தால் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

மாலை 4 மணி. இவர் மகளின் பெயரை யோசித்துச் சொன்னார். சொந்த மகள்.

பேச முடியாது. எழுத முடியும். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் கையில் கொடுக்க வேண்டும்:

மிஸ்ஸி தர்ஷினிக்கு. நான் பொய் சொன்னேன். குடியை நிறுத்தும் பொடி, ஆவணி 18 முதல் தினம் காலை காப்பியில் அரைக் கரண்டி. புரட்டாசி முதல் ஒரு கரண்டி. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலை வரை. அவருக்குத் தெரியாது. மீதிப் பொட்டலம் இத்துடன் இருக்கிறது, இப்போதே டாக்டரிடம் காட்டு. இதனால்தானா? இன்னும் நேரம் இருக்கிறதா? சீக்கிரம் பதில் சொல்லம்மா.