தண்ணீருக்கு எட்டு மார்க்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லையடி, அரசாங்கமே புத்தகம் போட்டு அச்சடித்துச் சொல்லிவிட்ட நலம். நீ அங்கே கார்டிஃபில் எப்படி இருக்கிறாய், குளிருக்குக் காதை மூடிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா? போன வாரம் நீ போன் செய்தபோது இங்கே ஏன் ஒரே கூச்சல் என்று கேட்டாய், நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று, அப்படி இல்லடி, இப்படி என்று வரிக்கு வரி திருத்துவார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், கூட்டம் இருக்கும் என்ற தைரியத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தெருக் குழாய்த் தண்ணீர் உனக்கே தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், அதுவும் டீ நிறத்தில், உப்புக் கரித்துக்கொண்டு. புதுக் குழாய் போடுகிறோம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் காசுக்கு வாங்கும் தண்ணீர் கேனைத் தூக்கித் தூக்கி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த நிலையில், அரசின் சேவைகள் இந்த வருஷம் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன, ஜனங்கள் எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு ஆண்டறிக்கை போடுவதற்காக பூர்ணிமா என்ற பெண் கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப்புடன் வீடு வீடாக வந்தாள். ரோடு எப்படி, விளக்கு எப்படி, தண்ணீர் எப்படி, மொத்தத்தில் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா, ஒவ்வொன்றுக்கும் மார்க் சொல்ல வேண்டும். மார்க் என்று அவள் வாயைத் திறந்ததும் உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஐந்தாவது வரைக்கும் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அங்கே மார்க் எல்லாம் இருபதுக்குத்தான். பன்னிரண்டு வாங்கினால் "அஸ்ஸே பியேன்", அதாவது பரவாயில்லை. பத்துக்குக் கீழே போனால் ஃபெயில். இருபது யாருக்கும் கிடையாது. மில்லில் வேலை பார்த்து, மில் மூடி, ரிட்டயரும் ஆகியாயிற்று, அந்தக் கணக்கை மட்டும் மனுஷன் விடவில்லை. என் காரக்குழம்புக்கு இன்றுவரை பதின்மூன்றுதான். கல்யாணத்தன்று பட்டுப்புடவையில் என்னைப் பார்த்துப் பதினான்கு போட்டாராம், அதைப் பெருமையாக வேறு சொல்வார். நீ நர்சிங்கில் முதலாவதாக வந்தபோது பதினாறு போட்டார். அதுதான் இந்த வீட்டின் ரெக்கார்டு.

அந்தப் பெண்ணிடம் ரொம்ப யோசித்து, சந்தோஷத்துக்குப் பன்னெண்டு போட்டுக்கம்மா, தண்ணிக்கு எட்டு, எட்டுக்கு மேல ஒரு மார்க் தரமாட்டேன் என்று கறாராகச் சொன்னார். அவள் டேப்பில் பத்துக்கு மேல் அழுத்த இடமே இல்லை. பாவம், பெரியவர் ஏதோ பூரிப்பில் சொல்கிறார் என்று நினைத்து சந்தோஷத்துக்குப் பத்து போட்டாள், தண்ணீருக்கு எட்டு போட்டாள். இதோடு நின்றிருந்தால் ஒரு வீட்டோடு போயிருக்கும். இவர்தான் தெருச் சங்கத் தலைவர் ஆயிற்றே. அவள் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் இவர் ஓடி ஓடி, தண்ணிக்கு எட்டுன்னு சொல்லுங்க, அப்பதான் அவங்களுக்கு உறைக்கும் என்று நாற்பது வீட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டார். நாற்பது வீடும் ஒரே குரலில் எட்டு.

அறிக்கை வந்தது. குடிநீரில் நம் தெரு முதலிடம்! பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், பின்னாலேயே, இவ்வளவு திருப்தியாக இருக்கும் தெருவுக்கு இப்போதைக்குக் குழாய் அவசரமில்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தை நான் தண்ணீர் கேனுக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன், ஒவ்வொரு தரம் கேன் தூக்கும்போதும் அவர் படிக்கட்டும் என்று. மனுஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

நான்கு தரம் ஆபீசுக்கு நடந்து மனு கொடுத்தேன். கடைசியில், மறுபடி ஒரு முறை கேட்கிறோம், இதுதான் கடைசி என்றார்கள். விடுவோமா? பிள்ளையார் கோயில் வாசலில் தெருவையே கூட்டினேன். பத்துக்கு ஒன்று என்று சொல்ல வேண்டும், முகத்தைத் தொங்கப் போட வேண்டும், அந்தப் பொண்ணு போற வரைக்கும் யாரும் பல்லைக் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எதிர்வீட்டு கோவிந்தசாமி ஒத்திகையிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து, பால்காரர் எப்ப எடுக்கறாங்க என்று கேட்டுவிட்டார். உன் அப்பாதான் கண்ணாடி முன்னால் நின்று, ஒண்ணு, ஒண்ணு என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அவ்ளோ கம்மி மார்க் என் வாயில வரமாட்டேங்குதுடி என்றார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு பூர்ணிமா தெருமுனையில் திரும்புகிறாள், தெருவே இழவு வீடு மாதிரி இருக்கிறது, அந்த நேரம் பார்த்து நீ போன் செய்கிறாய். அம்மா, லீவு கிடைச்சிடுச்சி, பொங்கலுக்கு வரேன் என்கிறாய். மூன்று வருஷம் கழித்து! நான் போட்ட கூச்சல்தான் உனக்குக் கேட்டது. உன் அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு வாசலில் ஆடினார். என்ன, ஏது என்று ஓடி வந்த கோவிந்தசாமி சேதியைக் கேட்டு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பூர்ணிமா. போச்சு, குழாய் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் வெயிலில் வந்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பழக்கத்தில் கை கேனுக்குத்தான் போனது. அப்புறம் என்ன தோன்றியதோ, சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூச்சப்பட்டுக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றவள், வாழை மரத்தடிக்கு ஓடினாள். திரும்பி வந்து எங்களைக் கேட்காமலேயே தண்ணீருக்கு பூஜ்யம் போட்டாள். நாங்க சிரிச்சத நெனச்சி மார்க்க ஏத்திட மாட்டியே கண்ணு என்றேன். அதுக்கு வேற கட்டம் இருக்கும்மா, இது வேற கட்டம் என்றாள். கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போகும் வழியில் வீட்டுக்கு வீடு அதே தண்ணீரைக் கேட்டு வாங்கி மோந்து மட்டும் பார்த்தாளாம்.

நேற்று ஆட்கள் வந்து ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நீ வரும்போது தெரு முழுக்கப் பள்ளமாக இருக்கும், ஆட்டோ உள்ளே வராது. அதனால் சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம், தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி கொண்டு வா. உன் அப்பாவுக்கு அந்த ஊர் பிஸ்கட் டப்பா மறக்காதே. லீவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மாற்றிவிடாதே. வேலையும் உடம்பும் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று விட்டுவிட்டேன். அன்று கடைசியில் பூர்ணிமா அவரிடம், சந்தோஷத்துக்கு எவ்ளோ ஐயா போடட்டும் என்று கேட்டாள். பத்துக்குள்ள சொல்லுங்க என்று நான் விலாவில் இடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு, இருபது என்றார்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்,
பதினான்கு மார்க் அம்மா,
தெ. கமலவேணி