பழைய பதிவுகளை அழிக்க மாட்டேன்

செவ்வாய், இரவு

மேலாளர் மேல் உள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் புது நோயாளி யாரையும் பதிய முடியவில்லை. பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேபிள், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணை, அனுமதித்த அளவு முழுதும் நிரம்பிவிட்டது. வெளியே பனிமூட்டத்தில் வரிசை நீண்டுகொண்டே போனது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் மேலாளர் வந்தார். "ரொம்ப வருஷமா வராதவங்க பதிவையெல்லாம் அழிச்சிருங்கம்மா. வெரசா சோலி முடிஞ்சிரும்."

"அழிக்க மாட்டேன் சார்."

கவுண்டரில் நின்ற பெரும்பாறை எஸ்டேட் அக்கா பதறினார். பல வருஷத்துக்கு முன் பிரசவத்துக்கு வந்தவர், அதன் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறார். "எனக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு அதுலதானே கெடக்கு? அதும் போயிருமா?"

"போகாதுக்கா," என்றேன்.

மேலாளர் முகம் சிவந்தது. "மதியத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள வச்சு அழிப்பேன். நீங்களும் வேற வேலை பாத்துக்கங்க."

இடத்தை அடைத்திருந்தவை பெயர்கள் அல்ல, டேபிளுக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்த எக்ஸ்ரே படங்கள். புதிதாக வந்தவர்களின் விவரத்தை அதுவரை தாளில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, படங்களை வேறு டிஸ்குக்கு மாற்றினேன். அவை சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே டேபிளிலிருந்து எடுத்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே புதுப் பதிவு ஏறியது. ஒருவர் பெயர்கூடப் போகவில்லை. அந்த அக்காவின் பதிவைப் பார்த்து நர்ஸ் ஒத்துக்காத ஊசியை விட்டுவிட்டு வேறு ஊசி போட்டாள்.

மேலாளர் அப்போதும் இறங்கி வரவில்லை. "சொல்பேச்சு கேக்காததுக்கு நாளைக்குப் பெரிய டாக்டரம்மா முன்னாடி மன்னிப்பு கேளுங்க," என்றார்.

போவேன். நடந்ததைச் சொல்வேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும்.