மதகைத் திறந்த சொல் யாருடையது

ஆறு வற்றாதிருக்க. எழுவூர் நாட்டுப் பேரவையின் ஓலைநாயகம் மருதன் சேந்தன், கீழைக்கரை நாடாளும் குன்றவர்ம வேந்தர் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றமும் குடிகளும் கன்றுகாலிகளும் நலமுற்றிருப்பதாக.

வெண்ணாற்று மதகைத் திறந்து தங்கள் வயல்களைக் காத்தமைக்காக எங்கள் தலைவர் ஆதன் நக்கனாருக்குப் பட்டும் யானையும் அனுப்ப எண்ணி, அவருடைய விருதுப்பெயர்களைக் கேட்டிருந்தீர்கள். யாருக்கு அனுப்புவது என்பதிலேயே எங்கள் அவை குழம்பிக் கிடப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதத் துணிந்தேன்.

எங்களுக்கு மன்னர் இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை குடவோலையிட்டுத் தலைவரைத் தேர்கிறோம். தலைவரின் கடமைகளைச் சொல்லும் ஏடுகள் பல உண்டு. அவர் மனைவிக்கென்று ஒரு வரியும் இல்லை. நெய்தலூர்ப் படகோட்டியின் மகளான காரி நாச்சியார், மாளிகைக்கு வந்த நாள்முதல் எந்த வாயிலில் நிற்பது, எவர் வணங்கினால் திரும்ப வணங்குவது என்று தெரியாமலே மூன்றாம் ஆண்டை எட்டியிருந்தார்.

ஆனி மாதத்தில் தலைவர் வாதத்தில் விழுந்தார். நாவும் வலப்பக்கமும் ஓய்ந்தன. வெளியே தெரிந்தால் கலகம் மூளுமென மருத்துவர் அஞ்ச, நாச்சியாரும் அதை எங்களிடமிருந்து மறைத்தார். அவைச் செய்திகளைக் கட்டிலருகே அமர்ந்து படிப்பார். தலைவர் அவர் கையை ஒருமுறை அழுத்தினால் ஆம். இருமுறை அழுத்தினால் இல்லை. அதையே வெளியே வந்து எங்களிடம் சொல்வார்.

தங்கள் தூதர் மதகைத் திறக்கக் கேட்டு வந்த அன்று, தலைவர் ஒருமுறை அழுத்தினார். நாச்சியார் எழப்போகையில் மறுபடியும் அழுத்தினார். அது மறுப்பா, விரைந்து திற என்ற அவசரமா? மீண்டும் கேட்டார், கை அசையவில்லை. நலமாயிருந்த காலத்தில் தங்கள் நாட்டைப் பற்றித் தலைவர் ஒருநாள் இரக்கமாகவும் மறுநாள் எரிச்சலாகவும் பேசியதே நாச்சியாருக்கு நினைவுக்கு வந்தது. திறந்தால் எங்கள் மேட்டு வயல்கள் காயும். திறவாவிட்டால் தங்கள் படை வரும். கதவுக்கு வெளியே அவையோர் நாங்கள் பன்னிருவரும் காத்திருந்தோம். நாச்சியார் வந்து, "தெறக்கச் சொல்றாருங்க" என்றார்.

எட்டாம் நாள் யாரும் அழையாமல் அவைக்கு வந்து நின்று அனைத்தையும் சொன்னார். "அது அவரு சொன்னதா, நானா நெனச்சுக்கிட்டதா, எனக்கே வெளங்கலைங்க. வெளங்காம அந்த வீட்டுல ஒக்கார முடியலை."

சிறை என்றனர் சிலர். சிறப்பு என்றனர் சிலர். மூத்தோர் மூவர் சென்று தலைவரின் கையைப் பற்றித் தாமே கேட்டனர். வெளியே வந்து மூவரும் மூன்று விடை சொன்னார்கள். அதன்பின் நாச்சியாரைக் குறைகூற எவருக்கும் நா எழவில்லை.

புதிய தலைவரைத் தேர்ந்தோம். நாச்சியார் கணவரைப் படகில் கிடத்தி நெய்தலூர் புறப்பட்ட காலையில், புதியவரின் மனைவி துறைக்கு ஓடிவந்து, "அக்கா, அந்த வீட்டுல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.



"எனக்கும் யாரும் சொல்லலைம்மா. சொல்லுவாங்கன்னு மூணு வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆதலால் வேந்தே, பட்டும் யானையும் தங்களிடமே இருக்கட்டும். தை அறுப்பு முடியும்வரை மதகு மூடப்படாது. இம்முறை பன்னிருவரும் கூடிச் சொன்ன சொல் இது. எங்கள் மதகு காப்போரும் இதை மீறற்க. எழுவூர் மீன்முத்திரை இட்டேன், சேந்தன் எழுத்து.