பட்டுக்குத் தோஷமில்லை

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காலை ஏழுக்கே கூரைச் சிமெண்ட் ஓடு சுட்டது. அரை நாள் லீவு, ஆஸ்பத்திரி. இருமல், தடிப்பு, மூச்சிழுப்பு எல்லாம் சொன்னேன். "எங்க வேலை செய்றீங்க?" என்றார் டாக்டர். பட்டு நூல் சுற்றும் பட்டறை என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

17ஆம் தேதி அலர்ஜி டெஸ்ட். அதுவரை நிறுத்த வேண்டியவை: அரிப்பு மாத்திரை, சளி மாத்திரை, இருமல் டானிக். ஒன்று போட்டாலும் டெஸ்ட் வீண். அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மதியம் முதலாளியிடம் பேச்சு. ஆபீசில் பில் போடும் சீட் காலி. நான் பி.காம். மூன்று மாதமாகக் கேட்கிறேன்.

"பட்டுக்குத் தோஷம் கிடையாதும்மா, சாமி கட்டிக்கிறது. உன் ரத்தத்துல இன்னா இருக்குதோ! பட்டாலதான்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், சீட்டு உனுக்கு. இந்த வாரம், அடுத்த வாரம் பாப்பேன். அப்புறம் என் மச்சான் பொண்ணு வருது."

ஜூன் 12, வியாழன்

மாத்திரை இல்லாமல் மூன்றாம் நாள். கழுத்து, முழங்கை மடிப்பு, இமை. சீப்பால் சொறிகிறேன். பட்டறையில் ஜன்னல் திறக்கக் கூடாது, காற்றில் நூல் அலையும். கச்சாப் பட்டின் தூசி போக வேறு இடம் இல்லை. எங்கள் மூக்குதான்.

பக்கத்து மிஷின் செல்வியக்கா: "காஞ்சிபுரத்துல பொறந்துட்டு பட்டு ஒத்துக்கலன்றியே. உனுக்கு நைலான் உடம்புடி!" எல்லாரும் சிரித்தார்கள். நானும். என் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அக்காவுக்கும் இருமல் உண்டு. அவள் அதை உடம்புச் சூடு என்கிறாள்.

பட்டை யார் தொட்டாலும் தீட்டு ஒட்டாதாம். அதனால்தான் முதலாளி எங்கள் தெருப் பெண்கள் கையில் நூலைக் கொடுக்கிறார். நூல் கருவறை வரை போகும். நாங்கள் முதலாளி வீட்டு வாசலோடு சரி.

சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு. அம்மா அடுப்பை விட்டு வந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரே ஒரு மாத்திரைமா..." என்றாள். கூடாது என்று கத்தினேன். உள்ளே போய்விட்டாள். கூழ் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 14, சனி

மேகம். மழை இல்லை. அரிப்பு பாதியாகிவிட்டது. ஏன்? இரண்டு நாளாக ஒரே தூக்கம், மிஷினில் கொட்டாவி. கூழ் கசக்கிறது. "வெந்தயம் போட்டேன். குளிர்ச்சி" என்கிறாள் அம்மா.

டெஸ்டுக்குள் சரியாகிவிட்டால் என்ன செய்வது? நோய் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இந்த ஊர்க் கோயில்களில் வேறு யாரும் வேண்டாத வரம்.

ஜூன் 17, செவ்வாய்

டெஸ்ட். சிஸ்டர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் நம்பர் போட்டார். நம்பருக்கு ஒரு சொட்டு, ஒரு குத்து. 3 வீட்டுத் தூசி. 5 கரப்பான். 9 பட்டு. கரப்பானுக்குக்கூட நம்பர் உண்டு, முதலாளிக்கு இல்லை. ஒன்றாம் நம்பர் மட்டும் யாருக்கானாலும் வீங்கியே தீருமாம். அது வீங்கினால்தான் மற்றவை செல்லும்.

இருபது நிமிடம் பெஞ்சில். பக்கத்து அம்மாள் கையில் கொசு கடித்ததுபோல் ஐந்து தடிப்பு. பொறாமையாக இருந்தது. என் கையில் ஒன்பதாம் நம்பர் வீங்கவில்லை. ஒன்றாம் நம்பரே வீங்கவில்லை.

"மாத்திரை போட்டிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

"பொய் சொல்லாதம்மா. உன் கையே சொல்லுது."

'நீங்க' போய் 'உன்' வந்துவிட்டது. 'மருந்து உட்கொண்டதால் செல்லாது' என்று சீட்டில் எழுதினார். மறு தேதி செப்டம்பர் 16. அம்மா மேல் சத்தியம் செய்தேன். சிஸ்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஜூன் 18, புதன்

வேலைக்குப் போகவில்லை. வெந்தய டப்பாவைத் திறந்தேன். வெந்தயம் அடியில் ஒரு பிடி. மேலே அரிப்பு மாத்திரை அட்டை. பத்தில் ஐந்து காலி.

அம்மாவின் முன் நீட்டினேன். அவள் மறைக்கவில்லை.

"நசுக்கிக் கூழ்ல போட்டேன். உன் நெஞ்சு இழுக்குற சத்தம் அடுப்பாண்ட வரைக்கும் கேட்டுச்சு. பாத்துக்கினு இருக்கச் சொல்றியா? உன்ன நான் பெத்தனா, டெஸ்ட் பெத்துச்சா?"

அட்டையை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். நேற்று அவள் மேல் செய்த சத்தியம் பொய்.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"பட்டுக்கு ஒண்ணும் வீங்கலல்ல?"

"டெஸ்டே செல்லாதுன்னு போட்டிருக்குது சார்."

"வீங்கலல்ல? அதச் சொல்லு."

வீங்கவில்லை என்றேன். மச்சான் பெண் திங்கட்கிழமை முதல்.

ஜூன் 21, சனி

புழுக்கம். கூழ் கசக்கவில்லை. கழுத்தில் மறுபடி தடிப்பு. அம்மாவிடம் கை நீட்டினேன். அட்டையிலிருந்து ஒன்று பிதுக்கி வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். அவள் எதிரிலேயே விழுங்கினேன். எட்டுக்குள் மிஷினில் இருக்க வேண்டும்.